ஒரு விரலால காட்டுங்கோ

போன மாதம் ரேவதி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் கம்பெனியின் பெண்கள் வாலிபால் அணிக்குப் பிசியோதெரபிஸ்டாக வந்தவள். அவ்வப்போது சந்தேகம் கேட்பாள். இந்த முறை சந்தேகம் இல்லை, செய்தி. அணிக்கு மனநல ஆலோசகர் ஒருவரைப் போட்டிருக்கிறார்களாம். அவருக்குத் தனி அறை, இரண்டு நாற்காலி, உள்ளே தாழ்ப்பாள் வைத்த கதவு. கதவு என்றதும் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. நான் வேலை பார்த்த காலமெல்லாம் மைதானத்து ஓரத்தில் ஒரு மர பெஞ்சு, அதன் மேல் ஒரு துண்டு, கீழே ஒரு மருந்துப் பெட்டி. அதுதான் என் ஆஸ்பத்திரி.

"உங்க காலத்துல இதுக்கெல்லாம் யாரு மேடம் இருந்தாங்க?" என்று கேட்டாள்.

"யாரும் இல்லம்மா. டேப் இருந்துச்சு," என்றேன்.

சிரித்துவிட்டாள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்பதைப் போனில் புரியவைக்க முடியவில்லை. "அப்ப எழுதிக் கொடுங்க, எங்க பிசியோக்கள் சங்கத்து மலர்ல போடுறோம்," என்றாள். சரி என்று ஒப்புக்கொண்டு, முதல் வேலையாகப் புவனாவிடம் கேட்டேன். புவனா என்பது எங்கள் பழைய ஆட்டக்காரி ஒருத்திக்கு இந்தக் கட்டுரைக்காக நான் வைத்த பெயர். "எழுதுங்கக்கா. ஆனா அய்யோ பாவம்ன்ற மாதிரி எழுதிடாதீங்க," என்றாள். முயற்சி செய்கிறேன்.

நான் படித்தது சென்னையில். படிப்பு முடிந்ததும் ஓர் ஆஸ்பத்திரியில் பக்கவாதம் வந்தவர்களுக்குக் கை காலைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தேன். பெண்கள் அணிக்குப் பெண் பிசியோ வேண்டும் என்று கம்பெனியில் கேட்டார்கள். விளையாட்டுக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். பள்ளிக்கூடத்தில் பந்து என் பக்கம் வந்தால் நான் அந்தப் பக்கம் போவேன். ஊர் ஊராகப் பார்க்கலாம் என்ற ஆசையில்தான் சேர்ந்தேன். சேர்ந்தவள் தலை நரைக்கும்வரை அங்கேயே இருந்துவிட்டேன்.

இப்போது நினைத்தாலும் முதலில் வருவது அந்த வாசனைதான். வலி தைலம், ஈரத் துண்டு, விரலில் சுற்றும் புது டேப்பின் பசை, யாரோ ஒருத்தி பையில் வைத்து மறந்துபோன வாழைப்பழம். ரயிலில் கதவோரம் பந்துப் பைகளை அடுக்கிவிட்டு, பெண்கள் மேல் பெர்த்தில் காலை மடக்கிக்கொண்டு பாட்டுப் பாடுவார்கள். எல்லோரும் நெட்டை நெட்டையாக இருப்பார்கள், எந்தப் பெர்த்திலும் கால் அடங்காது. வழியில் நடக்கிறவர்கள் எங்கள் பிள்ளைகளின் பாதத்தில் இடித்துக்கொண்டுதான் போவார்கள். தோற்று வந்தாலும் அந்தப் பாட்டு நிற்காது. அப்படிப்பட்ட ஒரு வேலை இனி யாருக்காவது கிடைக்குமா என்று தோன்றும்.

எங்கள் பயிற்சியாளர் ராகவன் சார். நான் காஞ்சிபுரத்தைச் சுற்றியிருக்கும் ஒரு கிராமத்துச் சமணக் குடும்பம். அவர் சின்ன காஞ்சிபுரத்து வைணவர். வீட்டில் எல்லோரும் பிரபந்தம் சொல்லித் தருகிறவர்கள், இவர் மட்டும் பந்தின் பின்னால் போய்விட்டார். போட்டி நடக்கும் நாளில் நெற்றியில் ஒற்றைக் கோடாக ஸ்ரீசூர்ணம் இருக்கும். வியர்வையில் அது மூக்குவரை இறங்கி வந்தால் ஆட்டம் ஐந்தாவது செட்டுக்குப் போய்விட்டது என்று அர்த்தம்.

அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. பதினேழு வயதுப் பெண்ணையும் வாங்கோ, போங்கோ என்றுதான் சொல்வார். "இப்படி நின்னேள்னா பந்து உங்க மூக்குல விழும், பரவால்லையா?" என்பார். திட்டுகிறாரா, மரியாதை செய்கிறாரா என்று புதிதாக வந்த பெண்கள் விழிப்பார்கள். ஆட்டத்தின்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். பந்தைப் பார்க்க மாட்டார், காலைத்தான் பார்ப்பார். நன்றாக ஆடினால் பாராட்டு கிடையாது. "இன்னொண்ணு," என்பார். அந்த ஒரு சொல்லுக்காக எங்கள் பிள்ளைகள் உயிரைக் கொடுத்து ஆடுவார்கள்.

அவர் எனக்கு வகுத்துக் கொடுத்த முறை ஒன்று இருந்தது. போட்டிக்கு முன்னால் எல்லோரும் என் பெஞ்சுக்கு வர வேண்டும். கை கழுவி, ஈரம் போகத் துடைத்திருக்க வேண்டும். நான் டேப்பைக் கையால் கிழிப்பேன், கத்தரிக்கோல் ஆகாது, நேரம் பிடிக்கும். விரலின் அடியில் ஒரு சுற்று, மூட்டை விட்டுவிட்டு மேலே ஒரு சுற்று. பலவீனமான விரலாக இருந்தால் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டுவேன். கட்டி முடித்ததும் நகத்தை அழுத்திப் பார்க்க வேண்டும். நகம் வெளுத்து, விட்டவுடனே சிவக்க வேண்டும். சிவக்கவில்லை என்றால் இறுக்கம் அதிகம், அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டும். கட்டும்போது வளவளவென்று பேச்சு கூடாது. ஆனால் அந்தப் பெண் பேசினால் நான் கேட்டுக்கொள்ளலாம். கை என் கையில் இருக்கும்போது அவர்கள் எதையாவது சொல்வார்கள். வீட்டுச் சண்டை, கல்யாணப் பேச்சு, மெஸ் சாம்பாரில் உப்பு இல்லாதது, எல்லாம் எனக்கு அந்த பெஞ்சில்தான் வந்து சேரும்.

வலி என்று யாராவது சொன்னால் ராகவன் சாரே வந்துவிடுவார். ஒரே கேள்விதான்.

"எங்க வலிக்கறது? ஒரு விரலால காட்டுங்கோ."

ஒரு விரலை வைத்து இங்கே என்று காட்டினால் அது நிஜமான அடி. உடனே ஓய்வு, ஐஸ், தேவைப்பட்டால் டாக்டர். அதே வலியை உள்ளங்கையை விரித்துத் தடவிக் காட்டினால் அது அலுப்பு. "உள்ளங்கையா? சரி, ரெண்டு ரவுண்டு ஓடிட்டு வாங்கோ," என்பார். முட்டியோ தோளோ பிசகியிருந்தால் அந்தக் கேள்வி நன்றாகவே உதவும், இன்றைக்கும் அதில் தப்பில்லை. பிள்ளைகளும் அதைக் கேலியாக எடுத்துக்கொண்டார்கள். மெஸ்ஸில் யாராவது சாப்பாடு வேண்டாம் என்றால், "எங்க பசிக்கல? ஒரு விரலால காட்டுங்கோ," என்பார்கள்.

புவனா காஞ்சிபுரத்துப் பக்கம் தாமல் கிராமத்திலிருந்து வந்தவள். கோடையில் அந்தப் பெரிய ஏரி வற்றினதும், உள்ளே இரண்டு கருவேல மரத்துக்கு நடுவே மீன்வலையைக் கட்டி விளையாடிப் பழகியவள். முதல் நாள் எங்கள் உள்ளரங்கத்துக்கு வந்தபோது பளபளக்கும் மரத் தரையைப் பார்த்து வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு நின்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ராகவன் சார் சிரிக்கவில்லை. அவள் குதிப்பதைப் பார்த்தார், "இன்னொண்ணு," என்றார். அப்புறம் அவளை ஊருக்கு அனுப்பவேயில்லை.

வலைக்கு நேர் நடுவில் நின்று எதிராளி அடிக்கும் பந்தைத் தடுப்பது அவள் வேலை. அணியில் அவள் இருந்தால் எதிர் அணிக்கு அந்தப் பக்கம் சுவர் எழுப்பினது மாதிரி. நன்றாகச் சிரிப்பாள், அதைவிட நன்றாகச் சாப்பிடுவாள். ஒரு போட்டியில் அவள் மோதிர விரல் மூட்டு விலகிவிட்டது. டாக்டர் சரி செய்தார், நான் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டினேன். சில வாரத்தில் ஆறிவிட்டது. ஆறின பிறகும் என் பெஞ்சுக்கு வந்து கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். பழக்கத்தில் வருகிறாள் என்று நினைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் அகில இந்தியப் போட்டி ஒன்று காஞ்சிபுரத்துக்கு வெளியே ஒரு கல்லூரி அரங்கத்தில் நடக்க இருந்தது. எங்கள் பயிற்சி முகாமும் அங்கேயே. இந்தப் போட்டியில் ஆடினால் புவனாவை இந்திய அணியின் முகாமுக்கு எடுத்துவிடுவார்கள் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவள் கம்பெனியில் ஒப்பந்த ஆட்டக்காரி. ஆடுகிறவரைதான் வேலை. இந்திய அணிக்குப் போனால் நிரந்தரம். அதனால் வீட்டில் எதிர்பார்ப்பு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவள் அப்பா ஏரிப் பாசனத்தில் நெல் வைக்கிறவர். தாமல் கூட்டு ரோட்டில் அவளுடைய படம் போட்டுப் பெரிய பேனர் கட்டியிருந்தார். 'தாமலின் தங்கமே' என்று எழுதி, பின்னால் ஒரு சிங்கம் வேறு.

எனக்கு வீடு காஞ்சிபுரத்தை ஒட்டிய செவிலிமேட்டில். எங்கள் வீட்டில் இருட்டுவதற்கு முன்னால் சாப்பிட்டு முடிப்பது வழக்கம், அது எங்கள் சமண வழி. ஊர் ஊராகப் போகும்போது இந்த வழக்கத்தால் நான் பட்ட பாடு தனிக் கதை, ஆனால் உள்ளூர் முகாம் என்பதால் சாயங்காலப் பயிற்சி முடிந்ததும் டவுன் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவேன். என் வீட்டுக்காரர் சோறு வடித்து வைத்திருப்பார். ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் புவனா வந்து நின்றாள்.

"நானும் வரட்டாக்கா? எனக்கு இப்பவே பசிக்குது."

"வா. ஆனா எங்க வீட்ல உருளைக்கிழங்கு கிடையாது, வெங்காயம் கிடையாது."

"அதெல்லாம் இல்லாம இன்னாக்கா சாப்புடுவீங்க?"

"வந்து பாரு."

வந்தாள். கீரைக் கூட்டும் ரசமும் சாப்பிட்டாள். மறுநாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும். முகாமில் பெண்கள் கிண்டல் செய்தார்கள், புவனா சமணத்துக்கு மாறிவிட்டாள், இனிமேல் பந்தைக்கூட அடிக்க மாட்டாள், பந்துக்கு வலிக்கும் என்று. நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் இரண்டு விஷயம் என்னை உறுத்தியது. நிறையச் சாப்பிடுகிறவள் ஒரு கரண்டிச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். இன்னொன்று டேப். முன்பு ஒரு விரலுக்குக் கேட்டவள் இப்போது எல்லா விரலுக்கும் கேட்டாள். கட்டி முடித்தால், "இன்னும் கொஞ்சம் இறுக்குங்கக்கா," என்பாள். இறுக்கினால், "இன்னும்," என்பாள்.

ஒரு காலை நகத்தை அழுத்திப் பார்த்தேன். வெளுத்த நகம் சிவக்கவே இல்லை. டேப்பை வெட்டிவிட்டேன். அவள் கையை இழுத்துக்கொண்டு, "ஏன்க்கா வெட்டினீங்க?" என்று கேட்டாள். என்னிடம் அவள் அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது நானாக எதுவும் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"கட்டு இறுக்கமா இருந்தாதான்க்கா கை இருக்குறது தெரியுது. இல்லன்னா அது என் கைன்னே தோணல. பந்து வரும், நான் குதிப்பேன், ஆனா வேற யாரோ குதிக்கிற மாதிரி இருக்குது. நாலஞ்சு மாசமா நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கினே இருக்குது. தூக்கம் இல்ல. மெஸ்ல எல்லாரும் ஒண்ணா உக்காந்து மேட்ச பத்தி பேசுறாங்க பாருங்க, அந்த டேபிள்ல என்னால உக்கார முடியலக்கா. அதான் உங்க கூட வந்துக்கினு இருக்கேன்."

"சார்கிட்ட சொன்னியா?"

"சொன்னேனே. எங்க வலிக்கறது, காட்டுங்கோன்னாரு." உள்ளங்கையை விரித்து நெஞ்சின் மேல் வைத்துக் காட்டினாள். "ரெண்டு ரவுண்டு ஓடிட்டு வந்தேன்."

சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. என் வீட்டுக்காரர் மோர் எடுத்து வருகிறவர் போல எழுந்து சமையலறைக்குள் போனார், வெகு நேரம் வரவில்லை.

மறுநாள் ராகவன் சாரிடம் சொன்னேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டார். "போட்டி பயம். எல்லாருக்கும் வர்றதுதான். களத்துல இறங்கினா போயிடும்," என்றார். நான் விடவில்லை. பயம் என்றால் போட்டி முடிந்ததும் போக வேண்டும், இவளுக்குப் பல மாதமாக இருக்கிறது, விரல் செத்துப்போகிற அளவுக்குக் கட்டச் சொல்கிறாள் என்றேன். நான் அவரிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுவே முதல் தடவை. "டாக்டர்ட்ட அழைச்சுண்டு போங்கோ," என்றார்.

மனநல மருத்துவர் புவனாவிடம் நிதானமாகப் பேசினார். இது நோய்தான், குணமாகும், மருந்து உண்டு, ஆனால் இப்போது ஆடவே கூடாது என்றார். பிறகு என்ன செய்வது என்பதைச் சரியான பின் நீயே முடிவு செய்துகொள் என்றார். வெளியே வந்ததும் ஒரு டீக்கடையில் நின்றோம். டீ ஆறும்வரை கிளாஸைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"அக்கா, நான் முடிவு பண்ணிட்டேன். எனக்குச் சரியானாலும் இது வேணாம். சின்னதுல இருந்து ஆடிக்கினே இருக்கேன். எனக்குப் புடிச்சிருந்துச்சு. இப்ப புடிக்கல. அவ்ளோதான்."

அதைச் சொன்ன பிறகு டீயை முழுசாகக் குடித்தாள்.

போட்டி தொடங்கும் நாள். மதியமே தாமலிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து அரங்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். முன் வரிசையில் அவள் அப்பா, வெள்ளைச் சட்டை போட்டுத் தோளில் துண்டோடு. மகள் எடுத்த முடிவு அவருக்குத் தெரியாது. நேரில் சொல்லிக்கொள்கிறேன் என்று அவள் சொல்லியிருந்தாள், சொல்லத் தைரியம் வரவில்லை.

உடை மாற்றும் அறையில் விஷயம் தெரிந்த நாங்கள் நான்கு பேர். புவனா, நான், ராகவன் சார், கம்பெனியின் விளையாட்டுப் பிரிவு அதிகாரி. அதிகாரி கெட்டவர் இல்லை, அதை இங்கே சொல்லியாக வேண்டும். அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் பேசினார்.

"உனக்காகத்தான்மா சொல்றேன். முட்டி போச்சுன்னு சொல்லிடு. ஆடும்போது அடிபட்டவங்களுக்கு ஆபீஸ்ல வேலை போட்டுக் குடுக்கலாம், அதுக்கு வழி இருக்கு. மனசு சரியில்லைன்னு சொன்னா மேல இருக்கறவங்க ஒப்பந்தத்தை முடிச்சிடுவாங்க. வெளிய பத்திரிகைக்காரங்க நிக்கறாங்க. ஒரு கட்டுப் போட்டுக்கிட்டு வந்து கையசைச்சிட்டுப் போயிடு. நாளைக்கு எவனும் கேக்க மாட்டான்."

புவனா ராகவன் சாரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "கட்டுங்கோ பத்மா," என்றார்.

நான் பெட்டியைத் திறந்து அகலமான கட்டுத்துணிச் சுருளை எடுத்தேன். புவனா பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டினாள். எத்தனையோ முட்டிகளுக்குக் கட்டுப் போட்டவள் நான், கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். முட்டிக்குக் கீழே முதல் சுற்றைச் சுற்றியபோது கை ஓடவில்லை. வீங்காத, சிவக்காத, அழகான முட்டி. போடாமல் விட்டால் அவள் வேலை போகும். போட்டால் அந்த நோயை அவள் காலமெல்லாம் ஒளித்து வைக்க வேண்டும். அவளுக்கு எது வேண்டும் என்று அவள்தான் சொல்ல வேண்டும் என்று எனக்குப் பட்டது. சுருளைப் பிடித்தபடி அவள் முகத்தைப் பார்த்தேன்.

தன் முட்டியைப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்.

"வேணாம்க்கா, சுருட்டிக்குங்க. முட்டி பாவம். அது நல்லாத்தான் இருக்குது."

நான் துணியை அவிழ்த்து மறுபடி சுருட்டினேன். அதிகாரிக்குப் பொறுமை போய்விட்டது.

"அப்ப எங்கதாம்மா அடி? கேக்கறவங்களுக்கு நான் என்ன சொல்றது?"

புவனா எழுந்து நின்றாள். உள்ளங்கையை விரித்து நெஞ்சின் மேல் வைத்தாள்.

ராகவன் சார் அந்தக் கையைப் பார்த்தார். அந்த அறையில் எங்கள் மூவருக்கும் அந்தக் கைக்கு என்ன பதில் என்று தெரியும். வழக்கமாக வருகிற அந்தப் பதிலுக்காகவே நானும் காத்திருந்தேன் என்று நினைக்கிறேன். அவர் வந்து என் பெஞ்சில் உட்கார்ந்தார். ஆட்டக்காரிகள் முன்னால் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"சார், அடி இருக்கு," என்றார் அதிகாரியிடம். "எனக்குப் பார்க்கத் தெரியலை. இவாளை நான் ஓட விட்டுட்டேன்." பிறகு புவனாவிடம், "நீங்க போய் உங்களுக்கு என்ன தோணறதோ அதைச் சொல்லுங்கோ," என்றார்.

அவள் போனாள். சீருடையில், கையில் ஒரு டேப்கூட இல்லாமல். அரங்கத்து நடுவில் போய் மைக்கை வாங்கிப் பேசினாள்.

"எனக்கு அடி எதுவும் இல்லீங்க. மனசு சரியில்ல. டாக்டர பாத்துக்கினு இருக்கேன். இனிமே நான் ஆடல. இவ்ளோ நாள் கை தட்டினீங்க, ரொம்ப தேங்க்ஸ்."

பின்னால் யாரோ ஒருவன் ஏதோ கேலியாகச் சொன்னான், பக்கத்திலிருந்தவர்கள் அவனை அடக்கினார்கள். நான் அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு விஷயம் உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு எழுந்தார். தடுப்புக் கம்பியைத் தாண்டி, அந்தப் பளபளக்கும் தரைக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு மகளிடம் நடந்து வந்தார். துண்டை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

"சாப்டியாமா?"

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"வா, போலாம். வேன் நிக்குது."

அதிகாரி சொன்னது சரியாகப் போயிற்று. ஒப்பந்தத்தை முடித்துவிட்டார்கள். ராகவன் சார் தலைமை அலுவலகப் படியை எத்தனை தடவை ஏறி இறங்கினார் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் நடக்கவில்லை. முட்டி என்று பொய் சொன்னவளுக்கு மேஜையும் நாற்காலியும் கிடைத்திருக்கும், உண்மை சொன்னவளுக்குக் கதவைச் சாத்தினார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அவளைப் பார்க்கத் தாமலுக்குப் போனேன். மருந்தில் உடம்பு கொஞ்சம் பூசியிருந்தாள், பேச்சு குறைவாக இருந்தது. வீட்டுக்குப் பின்னால் வைக்கோல் போரின் மேல் அந்தப் பேனரை விரித்துக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். சிங்கத்தின் தலை ஒரு பக்கம் மடங்கிக் கிடந்தது. நான் அதைப் பார்த்ததை அவள் அப்பா பார்த்துவிட்டார்.

"ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போவலம்மா. மாட்டுக்கு இந்த வருஷம் எம்பொண்ணுதான் சோறு போட்றா," என்றார்.

உள்ளேயிருந்து புவனா சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்த முகாமுக்குப் பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அப்போதுதான்.

எங்கள் அணியில் ஒரே ஒரு மாற்றம் வந்தது. ராகவன் சார் ஓய்வு பெறும்வரை அதே கேள்வியைத்தான் கேட்டார், ஒரு விரலால காட்டுங்கோ என்று. ஆனால் யாராவது உள்ளங்கையைக் காட்டினால் இரண்டு ரவுண்டு கிடையாது. "பத்மாட்ட போய் உக்காருங்கோ," என்பார். அவர்கள் வந்து என் பெஞ்சில் உட்காருவார்கள். நான் அவர்கள் கையை எடுத்து வைத்துக்கொள்வேன், தேவையிருந்தாலும் இல்லாவிட்டாலும் டேப்பைக் கிழித்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுவேன். சிலர் பேசுவார்கள். சிலரை டாக்டரிடம் அழைத்துப் போனேன். சிலர் வெறுமனே உட்கார்ந்துவிட்டு எழுந்து ஆடப் போனார்கள். ரேவதி, டேப் இருந்தது என்று நான் சொன்னதற்கு இதுதான் அர்த்தம். உங்கள் அணிக்குக் கதவு வைத்த அறை வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். பெஞ்சையும் எடுத்துவிடாதீர்கள்.

புவனா இப்போது செவிலிமேட்டுப் பக்கம்தான் இருக்கிறாள். கல்யாணமாகி, கூட்டுக் குடும்பம். பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுத் தருகிறாள். பாலாற்றுப் பக்கம் வீடு வராத காலி மனைகளுக்கு நடுவே உள்ள தெருக்களில் சாயங்காலம் போனால் பார்க்கலாம், புடவை கட்டிய அம்மாக்கள் அலறிக்கொண்டு வண்டி ஓட்டுவார்கள், பக்கத்திலேயே ஒரு நெட்டைப் பெண் சீட்டைப் பிடித்தபடி ஓடிவருவாள். மருந்தை நிறுத்தி வெகு நாளாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப் பிள்ளைகள் பந்தோடு வந்து கூப்பிட்டால் சில சமயம் போவாள், சில சமயம் முடியாது என்று சொல்லிவிடுவாள்.

அவளிடம் இந்த வயதில் நானும் வண்டி கற்றுக்கொள்கிறேன். ஓய்வு பெற்றவள் டவுன் பஸ்ஸுக்கு ஏன் காத்து நிற்க வேண்டும் என்று அவள்தான் இழுத்துவிட்டாள். ஹேண்டில்பாரை நான் உயிர் போகிற மாதிரி பிடித்துக்கொள்கிறேன். "அக்கா, கைய லூசா வுடுங்க. இவ்ளோ இறுக்கிப் புடிச்சா வண்டி எப்டி திரும்பும்?" என்று கத்துகிறாள். யார் யாரிடம் சொல்வது என்று கேட்க வாய்வரை வரும். கேட்பதில்லை, கேட்டால் வண்டி விழுந்துவிடும்.

நேற்று வகுப்பு முடிந்து என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டாள். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே என் வீட்டுக்காரர் சோற்றை எடுத்து வைத்துவிட்டு, பழைய ஞாபகத்தில் அவளுக்கும் சேர்த்து மூன்று தட்டுப் போட்டிருந்தார். கீரைக் கூட்டு வாசனை வாசல்வரை வந்தது.

"வா, ரெண்டு வாய் சாப்பிட்டுப் போ," என்றேன்.

அவள் தட்டுகளை எட்டிப் பார்த்தாள். "இல்லக்கா. எங்க வீட்ல ஒன்பது மணிக்குத்தான் எல்லாரும் ஒண்ணா உக்காருவோம். நான் போய் உக்காரலன்னா ஒருத்தரும் தட்டுல கை வெக்க மாட்டாங்க. ஒரே பேச்சா இருக்கும்," என்றாள். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று மெஸ் மேஜையில் உட்கார முடியாமல் என்னோடு வந்தவள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மூன்றாவது தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, வெளிச்சம் போவதற்குள் சாப்பிட உட்கார்ந்தேன்.